புது மை

ஊற்றுப்பேனாவுக்குப் புதிய நிறத்தில் மை வாங்குபவர் எதிர்கொள்ளும் முதல் இடர், அந்த மையால் எழுதுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை என்பதேயாகும். ஜப்பானின் பைலட் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் தொடங்கிய இரோஷிசுகு என்னும் மை வரிசையில் 'யாமா-புடோ', அதாவது காட்டுத் திராட்சை, என்றொரு நிறம் உண்டு. நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம் அது என்று வாங்கியவர் விளக்கத் தொடங்குவதற்குள், வீட்டிலுள்ள ஏனையோர் 'பீட்ரூட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர்.

புதிய மையை எழுதிச் சோதிப்பதற்கு முன் பேனாவைக் கழுவ வேண்டும். கன்வர்ட்டர் எனப்படும், மையை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் சிறு குழாயின் திருகை முன்னும் பின்னும் இருபது முறை சுற்றி, வெளிவரும் நீர் தெளிந்துவிட்டது எனச் சோதனையாளர் மனநிறைவு கொண்ட பின்னரும், நிப்பை அடியில் தாங்கும் நாக்கின் வரிப்பள்ளங்களில் பழைய நீலம் பதுங்கியிருக்கும். ஆதலால் முதற்பக்கத்தில் விழுவது பழைய நிறமுமன்று, புதிய நிறமுமன்று. புதிய நிறம் முழுமையாக வந்து சேர்வது விரல்களில்தான்.

முதலில் பிள்ளையார் சுழி இடப்படும். அடுத்து வருவது சொந்தப் பெயர். அதன்பின் சொல்வதற்கு ஒன்றுமில்லாமையால் கையொப்பங்கள் தொடர்கின்றன. அவற்றுள் மூன்றாவது முதலாவதோடு ஒத்துப்போவதில்லை. எஞ்சிய இடம் சுருள்களாலும் அலைகளாலும் நிரப்பப்படுகிறது. ஒரே கோட்டில் மை ஓரிடத்தில் வெளிறியும் ஓரிடத்தில் அடர்ந்தும் தெரிவதை ஷேடிங் என்றும், மிகுதியாக நின்று உலர்ந்த மையின் மேற்பரப்பில் வேறொரு நிறம் மினுங்குவதை ஷீன் என்றும் மைப்பித்தர்கள் கூறுவர். பின்னதைக் காண்பதற்கு மை எளிதில் ஊறாத தாளும் சாய்ந்து விழும் வெளிச்சமும் தேவைப்படுதலின், எழுதியதைப் படிப்பதை விடுத்து, தாளை ஜன்னலோரம் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதே இவர்களின் வாசிப்பு முறையாக உள்ளது. வீட்டில் கிடைக்கும் கோடு போட்ட நோட்டிலோ எழுத்து வேர்விட்டுப் பரவி, மறுபக்கத்திலும் தலைகாட்டும். அத்தாளில் ஷீன் தேடுவது வீண்வேலை.

இந்நிறத்துக்கு நாட்டில் இடமுண்டா என்பது அடுத்த வினா. தேர்வுத்தாளில் நீலமும் கறுப்புமே செல்லும். சிவப்பு, பிறர் பிழைகளைச் சுழிப்பதற்காக ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. பச்சையில் கையெழுத்திடுவது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர்களின் வழக்கம் என்பதால், ஏனையோர் பச்சை மை நிரப்பினால் பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டவர் போலத் தோன்றுவர். காட்டுத் திராட்சைக்கு எஞ்சியிருப்பது மளிகைப் பட்டியல் ஒன்றே.

ஒரு குப்பி 50 மில்லிலிட்டர். கன்வர்ட்டர் ஒருமுறை கொள்வதோ பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு. மளிகைப் பட்டியலால் மட்டும் இதைத் தீர்க்க முனைபவர் மீதியைப் பேரப்பிள்ளைகளுக்கு உயில் எழுத நேரிடும் (அந்த உயிலையேனும் இம்மையில் எழுதலாம்). அவ்வாறிருந்தும், கடைசித் துளியும் ஓரிடத்தில் திரண்டு நிப்புக்கு எட்டும்படி, அக்குப்பியின் அடிப்பகுதி குழிவாக அமைக்கப்பட்டுள்ளது. கண்ணாடியில் வார்க்கப்பட்ட நம்பிக்கை என்று இதைக் கூறலாம்.

பட்டியலோடு சந்தைக்குச் செல்பவர் அதை ஈரக் கொத்தமல்லிக் கட்டு கிடக்கும் பையிலேயே செருகுவது இயல்பு. நீரில் கரையும் சாயங்களைக் கலந்து செய்த மை ஈரத்தாளில் ஊறும்போது, ஒரு சாயம் முந்தி ஓட மற்றொன்று பின்தங்கும். இவ்வாறு பொருள்களைப் பிரித்தறிவது வண்ணப்பிரிகை எனப்படும். தாவர நிறமிகளைச் சுண்ணத்தூளின் வழியே வடியவிட்டுப் பிரித்த ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட் என்பவர் 1906இல் இம்முறைக்குப் பெயரிட்டார். 'ஸ்வெட்' என்ற அவருடைய குடும்பப் பெயருக்கே ரஷ்ய மொழியில் நிறம் என்றுதான் பொருள். சோதனையாளர் இவ்வரலாற்றை நினைந்து, துவரம் பருப்பின் ஓரத்தில் பிரிந்து செல்லும் நிறங்களை வெயிலில் பிடித்து வியந்து நிற்க, பட்டியலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த கடைக்காரர் கறையின் நிறத்தைக் கொண்டே பொருளை ஊகித்து, அரைக் கிலோ பீட்ரூட் நிறுத்துப் போடுவார்.