டேங்க் குலுக்கும் பெருமக்கள்

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் சிலர் போனை எடுப்பார்கள், சிலர் மூக்கைச் சொறிவார்கள். இவர் வண்டியை இரண்டு தொடைகளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இடமும் வலமுமாக ஆட்டுவார். தலையைச் சாய்த்து டேங்குக்குள் கேட்கும் சத்தத்தை உற்றுக் கேட்பார். 'களக் களக்' என்றால் அரை லிட்டர். 'சளப் சளப்' என்றால் ஒன்றரை. சத்தமே இல்லையென்றால் டேங்க் நிறைந்திருக்கிறது, அல்லது சுத்தமாகக் காலி. இரண்டில் எது என்பதைச் சற்று நேரத்தில் வண்டியே சொல்லிவிடும்.

பெட்ரோல் மீட்டர் இல்லாமல் இல்லை. அதன் முள் 'காலி'யில் படுத்தது படுத்ததுதான்.

பிறவியிலேயே இவர் இப்படி இல்லை. ஆயுதபூஜைக்கு முன்னால் டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டார். வண்டி பளபளவென்று திரும்பி வந்தது. முள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கேட்டதற்கு அங்கிருந்த பையன், "ஓட ஓடச் சரியாயிடும் சார்" என்றான். ஓட ஓடச் சரியாவதற்கு இதென்ன சர்க்கரை வியாதியா? இவரோ அந்தச் சொல்லை அப்படியே நம்பி ஓட்டிக்கொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோலோடு ஏறும், பெட்ரோலோடு இறங்கும். அதன் கை ஒரு மின்தடைமேல் நகர்வதால் கரண்ட் கூடும், குறையும். முள் அதற்கேற்ப அசையும். டேங்கைக் கழற்ற வேண்டுமானால் அடியில் மீட்டருக்குப் போகும் வயரின் கப்ளரைப் பிடுங்கியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது பையனுக்குச் சாப்பாட்டு நேரம். கப்ளர் அப்படியே கேட்பாரற்றுத் தொங்கிக்கொண்டிருந்தது.

பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் விடுவதாக இல்லை. "முதல்ல அந்த மீட்டரச் சரி பண்ணுங்க."

"மீட்டரப் பாத்து ஓட்டறவனெல்லாம் ஒரு ஆளா? எங்கப்பா புல்லட்டுல பெட்ரோல் மீட்டரே கெடையாது, தெரியுமா?"

"தெரியும். பாதி நாள் தள்ளிக்கிட்டுதான் வருவாருன்னு அத்தை சொல்லியிருக்காங்க."

பங்க்கில் இவர் எப்போதும் நூறு ரூபாய்க்குத்தான் போடுவார். சென்னையில் அதற்கு ஒரு லிட்டர்கூட முழுசாக வராது. காசில்லாமல் அல்ல. ஃபுல் டேங்க் அடித்தால் சத்தம் வராது. சத்தம் வராவிட்டால் இவருக்குக் கணக்குத் தெரியாது. போட்டு முடித்ததும் டேங்க் வாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார். உள்ளே இருட்டுதான் தெரியும். ஆனாலும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத்தான் மூடுவார்.

ரிசர்வ் என்பது டேங்குக்குள் தனியாக ஒரு அறை என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி ஒன்றும் இல்லை. பெட்ரோல் குழாயின் உள்முனை இரண்டு உயரங்களில் இருக்கிறது. உயரமான வாய்க்கு எட்டாததைத் தாழ்ந்த வாய் இழுக்கும், அவ்வளவே. போன முறை ரிசர்வுக்குத் திருப்பியவர் திரும்ப மாற்றவில்லை. ஆகவே வண்டி நிற்கும்போது ரிசர்வும் சேர்ந்தே தீர்ந்திருக்கும்.

அப்படித்தான் கத்திப்பாரா மேம்பாலத்தில் நின்றது, அதுவும் இறக்கத்தில். "நல்லவேளை, ஏத்தத்துல நிக்கல" என்று கடவுளுக்கு நன்றி சொன்னார். ஏற்றத்தில் நின்றிருக்காது. இவர் வண்டியில் குழாய் டேங்கின் பின்பக்கம். ஏறும்போது மிச்சம் மீதியெல்லாம் பின்னால் வந்து சேரும், இறங்கும்போது முன்னால் ஓடிவிடும். வண்டியை இடப்பக்கம் படுக்கப் போட்டு, தூக்கி நிறுத்தி, சோக்கை இழுத்து உதைத்தார். டேங்கின் மறுபக்கத்தில் ஒதுங்கியிருந்த கொஞ்சம் பெட்ரோல் இந்தப் பக்கம் வந்தது. ஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்த ஒரு நொடியில் இவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! மீட்டர் ஒழுங்காக இருக்கிறவனுக்கு இப்படி ஒரு சந்தோஷம் ஆயுசுக்கும் கிடைக்காது.

இதே வித்தையைப் பிள்ளையின் வண்டியில் காட்டப் போனார். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டி. திருப்புவதற்குக் குழாயும் இல்லை, இழுப்பதற்குச் சோக்கும் இல்லை. டேங்குக்குள் பம்ப், அதற்குக் குளிர்ச்சி தருவதே பெட்ரோல்தான், வற்ற விட்டால் பம்ப்பே போய்விடலாம். "இதெல்லாம் ஒரு வண்டியா?" என்று இறங்கிவிட்டார்.

கடைசியில், பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் ஒரு வயசான மெக்கானிக் கண்ணில் அந்தக் கப்ளர் பட்டது. சாவியைப் போடச் சொல்லி, ஒரு துண்டு வயரால் இரண்டு முனைகளையும் சேர்த்தார். முள் துள்ளி எழுந்து 'ஃபுல்'லுக்குப் போனது. "மீட்டர் நல்லாத்தான் சார் இருக்கு. இத மாட்டவே இல்லியே!" மாட்டினார். முள் கால்வாசியில் வந்து நின்றது. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மிதவை ஓட்டையாகியிருந்தாலோ பெயிண்ட் அடித்தவர் அதன் கையை வளைத்திருந்தாலோ உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை வரைக்கும் அலைந்திருக்க வேண்டும்.

இப்போது மீட்டர் சரியாக இருக்கிறது. குலுக்கல் நிற்கவில்லை. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி முள் கொஞ்சம் மாற்றிக் காட்டுகிறதல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, பொய் சொல்லுது" என்கிறார்.

டேங்கைக் கழற்றி மாட்டிய வண்டியை எடுக்கப் போகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் வண்டியை நேராக நிறுத்திச் சாவியைப் போட்டு முள்ளைப் பாருங்கள். இவர் உங்கள் வண்டியை இரவல் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். இவர் வண்டியை மட்டும் இரவல் வாங்காதீர்கள்.