சாமிக்குத் தொடைப் பிடிப்பு

மனித உடலிலேயே மிகவும் மெல்லிய தசை எது என்று மருத்துவ மாணவரிடம் கேட்டால் ஏதோ ஒரு லத்தீன் பெயரைச் சொல்வார். கால்பந்து ரசிகரிடம் கேளுங்கள். டிக்கெட் மொத்தமும் விற்றுத் தீர்ந்த பிறகு நட்சத்திர ஆட்டக்காரரின் தொடையில் இருக்கும் தசைதான் அது என்பார். விளம்பரப் படப்பிடிப்பில் அது தாங்கும். விமானத்தில் கண்டம் விட்டுக் கண்டம் தாண்டினாலும் தாங்கும். காசு கொடுத்தவன் எதிரில் வந்து உட்கார்ந்தால் மட்டும் பிடித்துக்கொள்ளும்.

புது சீசன் தொடங்குமுன் பெரிய கிளப்கள் மூட்டை கட்டிக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பும். உடலைத் தேற்றவும், புதிதாக வந்தவர்களை அணியோடு பழக்கவும் என்று காரணம் சொல்வார்கள். உடல் தேற நல்ல காற்றும் நல்ல புல்தரையும் போதும். அவை இரண்டும் ஐரோப்பாவிலேயே உண்டு. இல்லாதது, வருஷம் முழுக்க நள்ளிரவில் கண்விழித்து டிவியில் ஆட்டம் பார்த்துவிட்டு, ஒரே ஒரு நாள் நேரில் பார்ப்பதற்காகச் சேமிப்பை உடைக்கும் ஆசிய ரசிகன். அவனைத் தேடித்தான் இந்தத் திக்விஜயம்.

2019 ஜூலை 26, சியோல் உலகக் கோப்பை அரங்கம். கொரிய லீகின் நட்சத்திர அணியோடு யுவென்டஸ் நட்பு ஆட்டம். டிக்கெட் விலை 4 லட்சம் வோன் வரை போனது; அதுவும் சில மணி நேரத்தில் தீர்ந்தது. கிறிஸ்டியானோ ரொனால்டோ குறைந்தது 45 நிமிடம் ஆடுவார் என்று ஒப்பந்தமே இருந்தது. யுவென்டஸ் சீனாவிலிருந்து ஆட்டத்தன்றுதான் வந்து இறங்கியது. ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. 60,000 பேருக்கு மேல் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ரொனால்டோவும் காத்திருந்தார், பெஞ்சில், 90 நிமிடமும். முதல் பாதியில் அவர் முகம் திரையில் தெரிந்தபோதெல்லாம் அரங்கம் ஆர்ப்பரித்தது. இரண்டாம் பாதியில் அதே வாய்கள் ஊளையிட்டன. கடைசியில் அவர் காதில் விழவேண்டும் என்றே 'மெஸ்ஸி, மெஸ்ஸி' என்று கத்தினார்கள். ஆட்டம் 3-3. அது யாருக்கு நினைவிருக்கிறது?

ஊர் திரும்பியதும் அவர் டிரெட்மில்லில் உற்சாகமாக ஓடும் வீடியோ ஒன்றை இணையத்தில் போட்டார். தசை அதற்குள் தேறிவிட்டது. மருத்துவர் சொன்னபடி ஓய்வு எடுத்தார், இதில் எங்கள் தவறு என்ன என்ற தோரணையில் கிளப் தலைவரின் பதில் கடிதம் கொரியாவுக்கு வந்து சேர்ந்தது.

தேர்த் திருவிழாவுக்கு ஊரே திரண்டு வடத்தைக் கையில் பிடித்து நிற்கிறது. அர்ச்சகர் வந்து, "சாமிக்குத் தொடையில் லேசாகப் பிடிப்பு. மூலஸ்தானத்திலேயே இருக்கட்டும், நீங்கள் வெறுந்தேரை இழுத்துவிட்டுப் போங்கள். உண்டியல் மட்டும் வழக்கம்போல அந்தப் பக்கம்" என்றால் எப்படி இருக்கும்? நம்மூரில் அர்ச்சகர் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். கொரியர்கள் நாகரிகமானவர்கள். நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 பிப்ரவரியில் இன்சியோன் நீதிமன்றம் ரசிகர்கள் இருவருக்குத் தலா 3,71,000 வோன் தரச் சொன்னது. டிக்கெட்டுக்கு 70,000, சேவைக் கட்டணம் 1,000, மன உளைச்சலுக்கு 3,00,000. கால்பந்து ரசிகனின் மன உளைச்சலுக்கு ஒரு நீதிமன்றம் விலை போட்டு, அது டிக்கெட்டைவிட நாலு மடங்குக்கு மேல் என்று கண்டுபிடித்தது இந்த நூற்றாண்டின் பெரிய அறிவியல் சாதனை. பணம் கட்ட வேண்டியவர் யார்? ஆட்டத்தை ஏற்பாடு செய்த உள்ளூர் நிறுவனம். ஆட வராதவரும், அவரை அழைத்து வந்த கிளப்பும் அதற்குள் இத்தாலிய வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

சியோலில் கோபத்தில் கூவி அழைக்கப்பட்ட மெஸ்ஸி நாலரை வருஷம் கழித்து ஹாங்காங்குக்கு வந்தார். அவரும் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. ஆனால் அதன் செலவை ரசிகன் தலையில் கட்டுகிறார்.

2024 பிப்ரவரி 4, ஹாங்காங். இன்டர் மயாமியின் ப்ரீ-சீசன் சுற்றுப்பயணம். டிக்கெட் 880 ஹாங்காங் டாலரில் தொடங்கி 4,880 வரை. முந்தைய நாள் பயிற்சியைப் பார்க்கவே அரங்கம் நிறைந்தது. நகரமெங்கும் விளம்பரத்தில் மெஸ்ஸி. இங்கேயும் அதே 45 நிமிடம். கூடவே 'உடல்தகுதி இருந்தால்' என்ற ஒரு சின்ன வால். வக்கீல்கள் எழுதும் ஒப்பந்தத்தில் வால்தான் நாயை ஆட்டும். ஆட்டம் முடிகிற நேரத்தில்தான் அவர் இறங்க மாட்டார் என்பது அரசாங்கத்துக்கே உறுதியானது. அரங்கம் முழுக்க 'பணத்தைத் திருப்பித் தா' என்ற கோஷம். கிளப்பின் பங்குதாரர் டேவிட் பெக்கம் மைக்கைப் பிடித்து நன்றி சொல்ல வந்தார். ஊளைச் சத்தத்தில் அந்த நன்றி கரைந்தது. மூன்றே நாளில் டோக்கியோவில் மெஸ்ஸி களம் இறங்கி அரை மணி நேரம் ஆடினார். ஜப்பானியக் காற்றில் அப்படி என்ன மருத்துவ குணமோ, எலும்பு மருத்துவர்கள்தான் ஆராய வேண்டும்.

ஹாங்காங் ரசிகர்களுக்குப் பாதிப் பணம் திரும்பியது. அதைக் கொடுத்ததும் உள்ளூர் ஏற்பாட்டாளர்தான். அரசிடம் கேட்டிருந்த 1.6 கோடி ஹாங்காங் டாலர் மானியத்தையும் வேண்டாம் என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். கிளப் என்ன கொடுத்தது? விளக்கம் கொடுத்தது.

36 வயதுக்காரருக்குத் தொடை வலித்தால் அது குற்றமில்லை. காயத்தோடு ஆடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அதே வருஷம் ஜனவரியில் அல் நசர் அணி சீனாவின் ஷென்ஜெனில் ஆட இருந்த இரண்டு ஆட்டங்களும் ரொனால்டோவின் காயத்தால் தள்ளிவைக்கப்பட்டன. ரசிகர்கள் கொதித்தார்கள்தான். ஆனால் அவர் நேரில் வந்து, ஆட முடியாது, மன்னியுங்கள் என்று முகம் பார்த்துச் சொன்னார். சியோலில் படித்த பாடம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆகும் செலவு எவ்வளவு? வாயிற்கதவு திறக்குமுன் சொன்னால் கொஞ்சம் கூடுதல். ஏனென்றால் அப்போது டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே அது எப்போதும் கடைசி விசில் ஊதிய பிறகே சொல்லப்படும்.

மான்செஸ்டர் யுனைடெட் இவர்களையெல்லாம்விட நேர்மையான கிளப். ஆட்டக்காரர்களை ஒளித்துவைக்காது, அப்படியே கொண்டுவந்து தோற்கும். 2024-25 பிரீமியர் லீகில் 15-ஆம் இடம். யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்திலும் தோல்வி. சீசனின் கடைசி ஆட்டம் மே 25. மே 28 அன்று கோலாலம்பூரில் ஆஜர். ஓய்வு, உடல்நலம் பற்றிய மருத்துவக் கவலையெல்லாம் அந்த மூன்று நாளும் விடுப்பில் போயிருந்தது. புக்கிட் ஜாலில் அரங்கில் 70,000 பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த அணியிடம் 0-1. மியான்மர்க்காரர் ஒருவர் கோல் அடித்தார். ரசிகர்கள் ஊளையிட்டார்கள். இந்தப் பயணம் எதற்கு என்றால், கிளப்பில் பணமில்லையாம். பணமில்லை என்று அதற்குள் சுமார் 250 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த சுற்று ஆட்குறைப்புக்கும் பட்டியல் போட்டிருந்தார்கள். சீசன் நடுவில் டிக்கெட்டை 66 பவுண்ட் ஆக்கி, குழந்தைக்கும் முதியவருக்கும் சலுகை கிடையாது என்றார்கள். பத்து வயதுப் பையனும் 66 பவுண்ட் கொடுத்து 15-ஆம் இடத்தைப் பார்க்க முடிந்தது.

ஜூலையில் அமெரிக்கப் பயணம். அதற்கான பட்டியலில் ராஷ்ஃபோர்டு, கர்னாச்சோ, சாஞ்சோ, ஆன்டனி, மலாசியா ஐவரும் இல்லை. மற்றவர்கள் கண்ணில் படாமல் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஏழு வயதில் கிளப்புக்குள் வந்த ராஷ்ஃபோர்டின் 10-ஆம் எண் ஜெர்சி புதிதாக வந்த குன்யாவிடம் போனது. சாஞ்சோவை 2021-ல் 7.3 கோடி பவுண்டுக்கும், ஆன்டனியை மறுவருஷம் 8 கோடிக்கு மேலும் கொடுத்து வாங்கியிருந்தார்கள். வாங்கியவர்கள் யாரையும் தனி மைதானத்தில் ஓடச் சொன்னதாகச் செய்தி இல்லை. உலகத்துக்கே தெரியும்படி, இந்த ஐந்தும் எங்களுக்கு வேண்டாம் என்று கடைவாசலில் கொட்டிவிட்டு, பிறகு யாரும் நல்ல விலை கேட்கவில்லையே என்று முழிப்பதற்குப் பெயர் நவீன நிர்வாகம்.

சின்ன கிளப்களின் வித்தை வேறு மாதிரி. பெரியவர்கள் வராதவரின் பெயரை அச்சடிப்பார்கள். சின்னவர்கள் வந்தவரின் பெயரை அச்சடிக்க மாட்டார்கள். ப்ரீ-சீசன் ஆட்டத்தின் அணிப் பட்டியலில் 'ட்ரையலிஸ்ட்' என்று இருக்கும். அந்தத் திருநாமத்தில் ஒருவர் நடு மைதானத்தில் அருமையாக ஆடுவார். யார், எந்த ஊர், ஒப்பந்தம் உண்டா? ரகசியம். பல ஆட்டங்கள் பூட்டிய கதவுக்குள் நடக்கும். மாலையில் கிளப் செயலியில் ஸ்கோர் மட்டும் வரும். முப்பது வருஷமாக சீசன் டிக்கெட் வாங்கும் கிழவர் தன் அணியின் இடது பின்கள ஆட்டக்காரர் யார் என்பதை ஆகஸ்டில் எதிரணியோடு சேர்ந்து தெரிந்துகொள்வார்.

யாராவது கேட்கலாமே என்பீர்கள். கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களை முதலில் வெளியே அனுப்பிவிட்டுத்தான் இந்தக் கடை விரிக்கப்பட்டது.

2013 அக்டோபரில் நியூகாஸில் யுனைடெட் தன் ஊர்ப் பத்திரிகைகள் மூன்றுக்குக் கதவை அடைத்தது. அவை செய்த பாவம், நிர்வாகத்தை எதிர்த்து ரசிகர்கள் நடத்திய ஊர்வலத்தைச் செய்தியாகப் போட்டது. ஊர்வலம் போனதைப் போடாமல் வேறு எதைப் போடுவது, வானிலையையா? 2015 கோடையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஸ்கை ஸ்போர்ட்ஸும் டெய்லி மிரரும் 'விருப்பத்துக்குரிய ஊடகப் பங்காளிகள்' ஆயின. புது மேனேஜர் ஸ்டீவ் மெக்லாரன் அவர்களிடம் மட்டும் பேசுவார். மற்ற நிருபர்கள் தெருவில் நிற்கலாம். மெக்லாரன் அடுத்த மார்ச்சில் வேலை இழந்தார். மே மாதம் அணியும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அந்தச் செய்தியைப் பங்காளி, பகையாளி எல்லோரும் சமமாகப் போட்டார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது சவுதாம்டன். 2010-ல் மைதானத்துக்குள் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்குத் தடை. படம் வேண்டுமானால் நாங்கள் எடுத்ததைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றது கிளப். சீசனின் முதல் ஆட்டத்தில் பிளிமத் வந்து 1-0 என்று ஜெயித்தது. பிளிமத் பத்திரிகை ஆட்டத்தைக் கார்ட்டூனாக வரைந்து போட்டது. தி சன் ஒரு படி மேலே போய், சவுதாம்டன் என்ற பெயரையே அச்சிடாமல் 'எதிரணி 0, பிளிமத் 1' என்றது. அந்த நாளேட்டைப் பாராட்ட எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் இது.

2021-ல் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் இன்னும் தெளிவாக யோசித்தது. செய்தி நிறுவனங்கள் கிளப்பின் உள்ளே வர வருஷத்துக்கு 25,000 பவுண்ட் வரை கட்டணம் கேட்டது. நிருபர்கள் எல்லோரும் அரிச்சந்திரன் வம்சம் என்று நான் சொல்ல வரவில்லை. மேனேஜர் முகம் கோணிவிடுமோ என்று கேள்வியை வெண்ணெய் தடவிக் கேட்கும் நிருபர்கள் ஏராளம். ஆனாலும் பத்துப் பேரில் ஒருவராவது, இவருக்கு எத்தனை நாளாகக் காயம், டிக்கெட் விற்கும்போதே தெரியுமா என்று கேட்டுவிடுவார். அந்த ஒருவருக்குப் பயந்துதான் இத்தனை பூட்டும்.

அவர் இடத்தில் இப்போது கிளப்பின் சொந்த டிவி. கிளப்பிடம் சம்பளம் வாங்குபவர் கேட்பார், கிளப்பிடம் சம்பளம் வாங்குபவர் பதில் சொல்வார். பயிற்சி எப்படி? பிரமாதம். ரசிகர்கள்? உலகிலேயே சிறந்தவர்கள். உடம்பு? நூறு சதவீதம். ஆட்டத்தில் இறங்குவீர்களா? அந்தக் கேள்வி மட்டும் எடிட்டிங்கில் போய்விடும். இதைப் பார்க்கவும் மாதச் சந்தா உண்டு.

சந்தாவும் கட்டி, ஜெர்சியும் வாங்கி, வராதவருக்கு டிக்கெட்டும் எடுத்த பிறகு ரசிகன் ஊளையிட்டால், எங்கள் குடும்பத்தில் இதற்கு இடமில்லை என்பார்கள். குடும்பமாம். எந்தக் குடும்பத்தில் மூத்த பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதைப் பெற்றவனுக்குச் சொல்லாமல், அவன் பெயரில் மொய் வசூலிக்கிறார்கள்?

இவ்வளவு தூரம் வந்தவர்கள் பாதியில் நிற்கக் கூடாது. விலைப்பட்டியலைக் கொஞ்சம் நுணுக்கமாக்கலாம். நட்சத்திரம் 45 நிமிடம் ஆடினால் முழு விலை. பெஞ்சில் உட்கார்ந்தால் முக்கால். எழுந்து சோம்பல் முறித்தால் அதற்குத் தனிக் கட்டணம், ஏனென்றால் அப்போது நம்பிக்கை பிறக்கிறது. ஊளைக்கு வரி. பணத்தைத் திருப்பிக் கேட்கும் கோஷத்துக்கு ஜிஎஸ்டி உட்பட ரசீது. நியூகாஸில் காட்டிய வழியில் 'விருப்பத்துக்குரிய ரசிகப் பங்காளி' என்று ஒரு பதவியையும் உண்டாக்கலாம். தகுதி: பணம் கட்ட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, யார் ஆடுகிறார் என்று தெரியாமலே கைதட்டத் தெரிய வேண்டும். விண்ணப்பம் கிளப் செயலியில் கிடைக்கும். கட்டணம் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்பட மாட்டாது.