இரண்டு மில்லிமீட்டரில் ஓர் அத்தை

போபோடியில் குடியிருப்பவன் 400 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்க ஆசைப்படலாம். வாங்கி எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் சிக்கல். இந்தப் பக்கம் திரும்பினால் கட்கி கன்டோன்மென்ட்: 1869-இல் தொடங்கிய அம்யூனிஷன் ஃபேக்டரி, பாம்பே சாப்பர்ஸ் மையம், முடிவே இல்லாத மதில்கள். ஹாரிஸ் பாலத்தைத் தாண்டினால் தாபோடி; அங்கே காலேஜ் ஆஃப் மிலிட்டரி இன்ஜினியரிங், அதற்கும் மதில். மதிலுக்கு மதில் 'படம் எடுக்கத் தடை' போர்டு. மிச்சமிருப்பது முளா நதி, மெட்ரோ தூண்கள், எங்கள் ஹவுசிங் சொசைட்டி.

என் மாமனார் அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். உள்ளே என்ன செய்தார் என்பது இன்றுவரை மாமியாருக்கே தெரியாது. நான் கேமராவோடு பால்கனிக்குப் போனால் போதும், ஹாலில் இருந்து குரல் வரும்: "மாப்பிள்ளை, அதை உள்ளே வையுங்க."

என்னுடையது நிக்கான் டி5600. கூடவே வந்தது 18-55 லென்ஸ். கிராப் சென்சார் கேமரா. பழைய பிலிமின் 36-க்கு 24 மில்லிமீட்டர் இதில் கிடையாது, 23.5-க்கு 15.6 தான். அதனால் லென்ஸில் போட்டிருக்கும் எண்ணை நிக்கானில் ஒன்றரையால், கேனானில் 1.6-ஆல் பெருக்கிப் பார்ப்பார்கள். 400 என்பது 600-க்குச் சமமாகிவிடும். இதை வீட்டில் விளக்கியபோது, 200 மில்லிமீட்டர் இலவசமாகக் கிடைக்கிற மாதிரி எல்லோரும் தலையாட்டினார்கள். அதே பெருக்கல் 18-ஐ 27 ஆக்கி அகலத்தைத் தின்றுவிடும் என்பதை நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே லென்ஸ் கிடையாதாங்க?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். பீரோவில் இடமில்லாத கவலை அவளுக்கு. எனக்கோ அது உத்தரவாகவே காதில் விழுந்தது.

ஆபீஸ் நண்பரிடம் டாம்ரான் 18-400 இரவல் வாங்கினேன். 2017-இல் வந்த லென்ஸ், 22 மடங்கு ஜூம், எடை எழுநூறு கிராம் சொச்சம். ஸ்டில் கேமராவுக்கென்று 1959-இல் வந்த முதல் ஜூமான வோய்க்லாண்டர் ஜூமார், 36-லிருந்து 82 வரைதான் போகும். இரண்டரை மடங்குகூட இல்லை. அறுபது வருஷத்தில் மனிதகுலம் அடைந்த இந்த வளர்ச்சியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடி ஏறினேன். படி ஏற ஏற லென்ஸின் முன்பாகம் தன் கனத்திலேயே கீழே வழிந்து நீண்டுகொண்டு வந்தது. அப்படி வழியாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டிருந்தேன் என்றுதான் நினைத்தேன்.

ஆற்றோரத்துக் கம்பியில் ஒரு மீன்கொத்தி. மேகம் மூடிய சாயங்காலம். 400-இல் இந்த லென்ஸின் வாய் எஃப்/6.3-க்கு மேல் திறக்காது. ஃபோகஸ் போய் வந்தது, மறுபடியும் போய் வந்தது. முதுகுக்குப் பின்னால் சொசைட்டி செக்ரட்டரி. யாரைப் படம் எடுக்கிறேன் என்று மராட்டியில் மிக மரியாதையாக விசாரித்தார். பறவை என்றேன். காட்டுங்கள் என்றார். திரையில் மீன்கொத்தி ஒரு நீலக் கறையாக இருந்தது. அதன் பின்னால், மூன்றாம் மாடிக் கொடியில் காய்ந்த புடவை மட்டும் நூல் நூலாகத் தெளிவாக விழுந்திருந்தது. அவர் வீட்டுப் புடவை.

சோபா-கம்-பெட் வாங்கிய வீடுகளுக்கு இந்த ரக லென்ஸைப் பற்றி அதிகம் விளக்க வேண்டாம். உட்காரலாம், படுக்கலாம், எதற்கென்று வாங்கினோம் என்பதுதான் பாதி ராத்திரியில் மறந்துபோகும். எல்லாத் தூரத்துக்கும் ஒரே கண்ணாடி என்றால் எங்கோ ஓரிடத்தில் அது விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும்: வெளிச்சத்தில், ஓரத்துக் கூர்மையில், அல்லது கழுத்து வலியில்.

இரவல் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் அறிவியல்பூர்வமாகப் போகலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்த மில்லிமீட்டரில் எடுத்தது என்ற விவரம் பதிந்திருக்கும். பழைய படங்களை அந்தக் கணக்குப்படி வரிசைப்படுத்தினால் குடும்ப வரலாறே வந்து நிற்கிறது. பெரும்பாலானவை 18-இல். அப்புறம் ஒரு கூட்டம் 55-இல். நடுவில் ஆளே இல்லை. 18-இல் எடுத்த படங்களில் நான் சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருக்கிறேன்: கொலு, பிறந்தநாள் கேக், ஊரிலிருந்து வந்தவர்களின் குரூப் போட்டோ. 55-இல் எடுத்தவை எல்லாம் பெண்ணின் ஸ்கூல் கேதரிங், அதாவது ஆண்டு விழா. தூரத்து மேடையில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கிருஷ்ணர்.

பறவை எதுவும் இல்லை. அந்த மீன்கொத்தியைத் தவிர.

ஆக, என் எதிரி தூரம் இல்லை, ஹால் சுவர். கணக்குப் போட்டேன். பத்தடி தள்ளி நின்றால் 18 மில்லிமீட்டரில் சுமார் 13 அடி அகலம் படத்துக்குள் வரும். 16 என்றால் பதினாலரை அடிக்கும் சற்று மேல். பல்லாவரத்து அத்தையை நிற்கவைத்து அளந்துபார்த்தால், இரண்டு மில்லிமீட்டருக்கு ஓர் அத்தை. டெலி பக்கம் 100-க்கும் 102-க்கும் ஒருவராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. அகலப் பக்கம் அதே இரண்டு ஓர் உறவையே காப்பாற்றும். கடைக்காரர்கள் பெரிய எண்ணைத்தான் விரலால் தொட்டுக் காட்டுவார்கள். சம்சாரி பார்க்கவேண்டியது சின்ன எண்ணை.

மேடைக் கிருஷ்ணர் விஷயம் வேறு. நிக்கானில் வி.ஆர். என்று லென்ஸ் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து நடனமும் தெளிவாக விழும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது என் கை நடுக்கத்தைத்தான் பிடித்து நிறுத்தும். மேடையில் சுற்றுகிற குழந்தையை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். என் லென்ஸ் 55-இல் எஃப்/5.6. சிக்மா 17-50 எஃப்/2.8 வாங்கினால் நாலு மடங்கு வெளிச்சம். செகண்டில் அறுபதில் ஒரு பங்கில் கலங்குகிற கை, இருநூற்றைம்பதில் ஒரு பங்கில் ஐந்து விரலோடு விழும். ஆனால் 50-உடன் நின்றுவிடும். கிருஷ்ணர் ஐந்து விரலோடு, அதே கட்டைவிரல் உயரத்தில்.

இதற்குள் ஆஷாட மாதம் நெருங்கிவிட்டது. தேஹூவிலிருந்து கிளம்பும் துக்காராம் பல்லக்கு, ஆகுர்டியில் தங்கிவிட்டு, தாபோடி வழியாக ஹாரிஸ் பாலம் தாண்டி எங்கள் பழைய மும்பை ரோட்டில்தான் புனே நகருக்குள் போகும். பண்டர்பூர் வரை நடக்கிற கூட்டம். மழை தூறுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் தாளம் தட்டுகிற வரிசை. அதற்கு 18 வேண்டும். பத்து வரிசை தள்ளி, தலையில் துளசி மாடத்தோடு ஒரு பாட்டி, மாடத்தைக் கையால் பிடிக்காமல் கைதட்டிக்கொண்டே வருகிறார். அந்த முகத்துக்கு 100-க்கு மேல் வேண்டும். லென்ஸைக் கழற்றி மாட்டுவதற்குள் பாட்டி வாக்டேவாடி போய்விடுவார். திறந்த கேமராவுக்குள் தூறல் போய்விடும். 55-இல் வைத்துப் பாட்டியை எடுத்தேன். படத்தில் மஞ்சள் ரெயின்கோட்டு போட்ட ஒரு கான்ஸ்டபிள்தான் பிரதானம். எல்லாத்துக்கும் ஒரே லென்ஸ் என்று மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது அப்போதுதான் உறைத்தது. 22 மடங்கு தேவையில்லை. எட்டு மடங்கு போதும்.

போட்டியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். நிக்கான் 16-80, எஃப்/2.8-4: அத்தையும் உள்ளே, வெளிச்சமும் உள்ளே. நிக்கான் 18-140, எஃப்/3.5-5.6: பாட்டி உள்ளே, கிருஷ்ணர் இடுப்பளவு உள்ளே. இரண்டும் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தாளில் 16-80 ஜெயித்தது. விலையை விசாரித்ததும், அத்தை கொஞ்சம் ஒட்டி நிற்கட்டும் என்று குடும்பத்தில் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

புத்வார் பேட்டில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் 18-140 இருந்தது. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடை மூடல். வெளியே நிற்கையில் மனைவி கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் இருந்த பதில்கள் மூன்றரைக்கே தீர்ந்துவிட்டன. திறந்ததும் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் வைத்து முன்பக்கம் பார்த்தேன்: சிலந்தி வலை போல ஏதும் ஓடவில்லை, அதாவது பங்கஸ் இல்லை. ஜூம் வளையம் மணல் அரைக்காமல் சுற்றியது. கடைக்காரர் விடாமல் ஒரு 50 எம்.எம். எஃப்/1.8 டி லென்ஸையும் நீட்டினார், சல்லிசு விலை. அந்த ரகத்தில் மோட்டார் கிடையாது. டி5600-இன் உடம்பிலும் கிடையாது. மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருகவேண்டும். மனைவி பக்கத்தில் இருக்கையில் இதைச் சொல்லி மறுக்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை நான் கொஞ்சம் நீட்டியே பயன்படுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் லென்ஸைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "போனது இதைவிடப் பெரிசா இருந்ததே?" என்றார்.

இனி பாக்கி புனே மழை. காற்றின் ஈரத்தில் அலமாரிக்குள் வைத்த லென்ஸுக்குப் பங்கஸ் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கவேண்டும். வீட்டில் அப்படிப்பட்ட டப்பா ஒன்றே ஒன்று, முறுக்கு டப்பா. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் கழுவித் துடைத்துத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையில் கிடைத்திருக்கிறது. மழை எப்போது விடும் என்று கேட்டுச் சொல்லும் பொறுப்பும் எனக்கே.