வட்டம் போட்ட பங்காளிகள்

லண்டனைச் சுற்றி வட்டமாக ஒரு ரயில் விடலாம் என்ற யோசனை 1863-லேயே வந்துவிட்டது. அந்த ஜனவரியில்தான் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை உலகின் முதல் சுரங்க ரயிலை மெட்ரோபாலிட்டன் கம்பெனி ஓட்டிக் காட்டியிருந்தது. சுரங்கத்துக்குள் நீராவி இன்ஜின்! இருமிக்கொண்டே ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். கூட்டத்தைக் கண்டதும் ஆளுக்கொரு திட்டத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நாடாளுமன்றத்துக்கு ஓட, பிரபுக்கள் சபை ஒரு கமிட்டி போட்டது. நகருக்குள் ஒரே ஒரு வட்டப் பாதை போதும் என்றது கமிட்டி. கமிட்டியிடமிருந்து இவ்வளவு தெளிவு வந்தபோதே யாராவது சுதாரித்திருக்க வேண்டும்.

1864-ல் வட்டத்தைப் பாகம் பிரித்தார்கள். மெட்ரோபாலிட்டன் தன் இரண்டு முனைகளையும் நீட்டிக்கொள்ள வேண்டியது. தெற்குப் பகுதிக்குப் பணம் திரட்ட மெட்ரோபாலிட்டன் டிஸ்ட்ரிக்ட் என்று தனியாக ஒரு கம்பெனி. டைரக்டர்களில் சிலர் இரண்டுக்கும் பொது. பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும் என்பது ஏற்பாடு. (ஆயின, 1933-ல்.) இன்ஜினியரும் ஒருவரே: ஜான் ஃபௌலர். ஒவ்வொரு கம்பெனியிடமும் ஒன்றரை லட்சம் பவுனுக்கு மேல் வாங்கிக்கொண்டார். வட்டம் முழுதாகும் முன்பே முழு லாபம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஆரம்பத்தில் டிஸ்ட்ரிக்டின் தண்டவாளத்தில் ரயில் ஓட்டியதும் மெட்ரோபாலிட்டன்தான். அதற்குக் கூலி, வசூலில் 55 சதவீதம். பள்ளம் தோண்டியவன் ஒருத்தன், பாதிக்கு மேல் அள்ளுகிறவன் இன்னொருத்தன் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? டிஸ்ட்ரிக்ட் நோட்டீஸ் கொடுத்துவிட்டு 1871-ல் சொந்த ரயில் விட்டது. போதாததற்கு, கென்சிங்டன் பக்கம் மெட்ரோபாலிட்டன் பாதையை ஒட்டியே தனக்கென்று ஒரு வளைவுப் பாதையையும் போட்டுக்கொண்டது, நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமலே. அந்த வழக்கு அடுத்த நூற்றாண்டு வரை இழுத்தது.

பகை இருந்தது, அதை வளர்க்கத் தகுந்த ஆள்தான் இல்லை. 1872-ல் அந்தக் குறையும் தீர்ந்தது. மெட்ரோபாலிட்டனுக்கு சர் எட்வர்ட் வாட்கின் சேர்மன் ஆனார். டிஸ்ட்ரிக்டுக்கு ஜேம்ஸ் ஸ்டாட்ஸ் ஃபோர்ப்ஸ். கென்ட் மாவட்டத்தில் போட்டி ரயில் கம்பெனிகளை நடத்தி ஒருவரையொருவர் மொட்டையடிக்கப் பார்த்துக்கொண்டிருந்த அதே இருவர். வாட்கின், இங்கிலீஷ் கால்வாய்க்கு அடியில் பிரான்சுக்கே சுரங்கம் தோண்டப் பார்த்தவர். அவருக்கு மான்ஷன் ஹவுசுக்கும் ஆல்ட்கேட்டுக்கும் நடுவே விட்டுப்போன சின்னத் துண்டைத் தோண்ட மட்டும் மனசு வரவில்லை. தோண்டினால் ஃபோர்ப்ஸுக்கும் லாபமாகிவிடுமே!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நகரத்து முதலாளிகள், வட்டத்தை முடித்துவைக்கவென்றே 1874-ல் மூன்றாவதாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகும் சட்டம், சமரசம், மானியம் என்று பத்து வருஷம் ஓடி, 1884 அக்டோபர் 6-ம் தேதி வட்டம் கூடியது.

கூடியதும் சண்டைக்குச் சௌகரியமாகப் போயிற்று. மெட்ரோபாலிட்டன் ரயில்கள் பிரதட்சிணம். டிஸ்ட்ரிக்ட் ரயில்கள் அப்பிரதட்சிணம். டிக்கெட் கவுன்டரும் தனித்தனி. அவரவர் ரயிலுக்குத்தான் அவரவர் டிக்கெட் கொடுப்பார்கள். கவுன்டர் தெரியாமல் நின்ற அப்பாவி, கூப்பிடு தூரத்து ஸ்டேஷனுக்குப் போக லண்டனையே சுற்றிப்பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். முழுச் சுற்றுக்கு எண்பது நிமிஷத்துக்கு மேல், அத்தனையும் புகையில். கார்டுகளுக்கு முதலில் இடைவேளைகூடக் கிடையாது. வட்டத்தில் கடைசி ஸ்டேஷன் என்று ஒன்று இல்லையே, எங்கே இறங்கி மூச்சு விடுவது?

சவுத் கென்சிங்டனில் ஒரு பக்கவாட்டுத் தண்டவாளம் யாருக்குச் சொந்தம் என்ற பிரச்சினையில் விஷயம் முற்றியது. டிஸ்ட்ரிக்ட் தன் இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து அங்கே சங்கிலி போட்டுக் கட்டிவைத்தது. அதை இழுத்தெறிய மெட்ரோபாலிட்டன் மூன்று இன்ஜின்களை அனுப்பியது. மூன்றும் புகை கக்க இழுத்துப் பார்த்துத் தோற்றுத் திரும்பின. பங்குதாரர்கள் வாங்கிப்போட்ட நிலக்கரி இதற்கெல்லாம்தான் எரிந்தது.

மின்சாரம் வந்தால் புத்தி வரும் என்று நம்பினார்கள். எந்த வகை மின்சாரம் என்பதில் தகராறு. இரண்டு கம்பெனிகளுமாகச் சேர்ந்து புடாபெஸ்டின் கான்ஸ் கம்பெனியைத் தேர்ந்தெடுத்த நேரத்தில், டிஸ்ட்ரிக்டை விலைக்கு வாங்கிய அமெரிக்கர் சார்லஸ் யெர்க்ஸ் முடியாது என்றார். பஞ்சாயத்து அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1905 ஜூலை முதல் தேதி புத்தம் புது மின்சார ரயில் கிளம்பியது. அன்றைக்கே மெட்ரோபாலிட்டன் ரயில் ஒன்று, டிஸ்ட்ரிக்டின் மின் தண்டவாளத்தைப் பெயர்த்துக் கவிழ்த்துவிட்டது. மின்சாரம் எடுக்கும் பாகம் பக்கத்துக் கம்பெனி தண்டவாளத்துக்குப் பொருந்துமா என்று யாரும் சரிபார்க்கவில்லை. சரிசெய்து மறுபடி ஓட்ட செப்டம்பர் ஆயிற்று.