வெள்ளம் பாய்ந்தும் நாளம் குறுகுவதேன்?

கேள்வி: அய்யனார் கோவில் ஆற்றில் வெள்ளம் வந்தால் கரை அரித்து ஆறு அகலமாகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவரின் கை நாளத்தில் ரத்தம் வெள்ளமாகப் பாய்ந்தும் அது குறுகுவது ஏன்?
- வாசகர், இராஜபாளையம்

பதில்: கையில் அந்தக் கோவிலின் நீர்காத்த அய்யனார் இல்லாத குறைதான் என்று சொல்லி முடித்துவிடலாம், ஆனால் குற்றம் பாய்ச்சலின் அளவில் அன்று, அதன் ஒழுங்கில் இருக்கிறது. 1966இல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ முதலிய மருத்துவர்கள் விவரித்த ஃபிஸ்டுலா என்பது, டயாலிசிஸுக்காக மணிக்கட்டுத் தமனியைத் தோலடிச் சிரையோடு தைத்து இணைப்பதாகும். அதன்பின் நிமிடத்துக்குச் சில பத்து மில்லிலிட்டர் ஓடிய இடத்தில் அரை லிட்டருக்கும் மேல் பாய்கிறது. சீராக உரசி ஓடும் ரத்தம் உட்படலச் செல்களை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கச் செய்து நாளத்தை விரிப்பதால், வாசகரின் ஆற்று நியாயம் அதுவரை சரியே. இணைப்பின் வளைவிலோ ரத்தம் சுழித்து முன்னும் பின்னும் அலைய, உட்படலம் கலங்கி, நடுச்சுவரின் மென்தசைச் செல்கள் உள்நோக்கி நகர்ந்து பெருகி, நார்ப்பொருளைச் சுரந்து, ‘நியோஇன்டிமா’ எனப்படும் புதுப்படலத்தை எழுப்பி நாளத்தைக் குறுக்கிவிடுகின்றன. சிறுநீரகம் வெளியேற்றாத கழிவுகளும் ஊசிக் குத்தல்களும் இதைத் தூண்டுகின்றன. பலூனால் விரிப்பதே வழக்கமான சிகிச்சை. வேடிக்கை என்னவென்றால், விரிக்கும் பலூனே சுவரைக் காயப்படுத்துவதால் அதே செல்கள் மீண்டும் பணிக்குத் திரும்புகின்றன. எனவே செல் பெருக்கத்தைத் தடுக்கும் பாக்லிடாக்செல் மருந்து பூசிய பலூன்களும் வந்துள்ளன. ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்தால் உணரப்படும் அதிர்வு மங்கினாலோ நின்றாலோ, அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.