ஃபார்மட் எனும் சர்வரோக நிவாரணி

ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் ஏற்றுமதிப் பிரிவில் ஃபோல்டரைத் திறந்ததும் எக்ஸ்புளோரர் மூடிக்கொண்டால் பழி வைரஸுக்கு, தீர்ப்பு ஃபார்மட். தோலில் கறை தெரிந்தால் சாயமா, குரோம் பதமா, பச்சைத்தோலா என்று படிப்படியாகப் பின்னோக்கித் தேடும் ஊர் இது. கம்ப்யூட்டர் என்றதும் அந்த நிதானம் எங்கே போகிறதோ! தடயம் கண்ணெதிரே இருக்கிறது. டாஸ்க்பாரும் டெஸ்க்டாப் ஐகான்களும் சேர்ந்து மறைந்து திரும்புகின்றன. அவற்றையும் நடத்துவது அதே எக்ஸ்புளோரர்தான். எக்செல் மட்டும் அசையாமல் ஓடுகிறது. விண்டோஸே கெட்டுவிட்டது என்றால் அது எப்படித் தப்பியது? ரைட் கிளிக் மெனுவில் ஜிப், பிடிஎஃப் என்று குடியேறிய துணை நிரல்கள் எக்ஸ்புளோரருக்குள்ளேயே ஓடுபவை; ஒன்று தவறினால் அதுவும் கூடவே விழும். ஷூ சாம்பிள் படங்கள் உள்ள ஃபோல்டரில் மட்டும் மூடுகிறதா? சிறுபடம் காட்டுவதை நிறுத்திப் பாருங்கள்.

“ஃபார்மட் அடித்ததும் சரியாகிவிட்டதே” என்பார்கள். ஆகாமல் என்ன? துணை நிரல்களும் சேர்ந்து அழிந்தன. மறுநாளே அதே பென்டிரைவிலிருந்து அதே பழைய மென்பொருள் ஏறுகிறது. துணை நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க நேரமில்லை, கன்டெய்னர் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பது அடுத்த வாதம். அந்தக் கன்டெய்னரின் பேக்கிங் லிஸ்ட்டையும் சேர்த்து அழித்துவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்கள்.