மாடிக்கு ஏறும் ஆள்

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது, பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. கட்டடம் இருந்தது, அதில் வகுப்பு நடந்தது. கருத்தரங்குகளோ கண்காட்சிகளோ கிடையாது. ஆனால் ஒரு தொழிலாளி இருந்தார். ஐப்பசி மழைக்கு முன்பே கையில் கொத்துக் கரண்டியும் சாக்குப் பையுமாக மொட்டைமாடிக்கு ஏறுவார். மதில் விளிம்பில் முளைத்த அரசங்கன்றுகளைப் பிடுங்கிப் போடுவார், மழைநீர்க் குழாய்களில் அடைத்திருக்கும் சருகையும் காக்கை போட்ட எலும்பையும் வாரி எடுப்பார், பெயர்ந்த ஓட்டுக்குச் சுண்ணாம்பு வைப்பார். அவர் பெயரை நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. இன்று கட்டடப் பாதுகாப்பைப் பற்றிப் பேச நூறு பேர் இருக்கிறார்கள், நானும் பேசுகிறேன். அந்த வேலைக்கு ஆள் வைத்திருக்கும் கல்லூரிகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ராபர்ட் ஃபெலோஸ் சிஸ்ஹோம் என்ற கட்டடக் கலைஞர் கடற்கரை ஓரமாக விட்டுச் சென்றவை சாதாரணச் சொத்து இல்லை. மாநிலக் கல்லூரியின் சிவப்புக் கட்டடம் 1870இல் திறக்கப்பட்டது. சர் சி.வி. ராமனும் சுப்ரமணியன் சந்திரசேகரும் இங்கே படித்தவர்கள். உ.வே. சாமிநாதையர் 1903இல் கும்பகோணத்திலிருந்து வந்து 1919 வரை இங்கே தமிழ் கற்பித்தார். அவர் சிலை வளாகத்திலேயே நிற்கிறது. வாலாஜா சாலையைத் தாண்டி வடக்கே போனால் ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை. அதற்கும் வடக்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். 1874இல் தொடங்கி 1879இல் முடித்த கட்டடம் அது. நான்கு மூலையிலும் குவிமாடம் சூடிய கோபுரங்கள், வண்ணம் தீட்டிய தூண்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். 1937இல் ராஜாஜி முதன்முறை ஆட்சி அமைத்தபோது சட்டமன்றம் அந்த மண்டபத்தில்தான் கூடியது.

மாலையில் வகுப்பு முடிந்ததும் நாங்கள் இந்த வரிசையைப் பார்த்தபடியே நடப்போம். எதிரே கடல். உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். அந்த உப்புக்காற்றுதான் இந்தக் கட்டடங்களின் முதல் பகைவன் என்பதும், அதைத் தாங்கும் வழியைக் கட்டியவர்கள் சுவருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்து ஒரு கொத்தனாரால்தான் புரிந்தது.

பின்னாளில் நான் ஆசிரியராக இருந்த கல்லூரி வேறு, பெயர் வேண்டாம். அங்கேயும் சுண்ணாம்பில் கட்டிய, நூறு வயதை நெருங்கிய ஒரு கட்டடம் இருந்தது. விழா ஒன்று வந்தது. விழாவுக்கு முன் கட்டடத்தைப் "புதுசாக்கி"விட வேண்டும் என்று முடிவாயிற்று. பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினார்கள், அதன்மேல் பளபளக்கும் பெயிண்ட். வேலைக்கு வந்தவர்களில் வயதான கொத்தனார் ஒருவர் மட்டும் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். "இது சுண்ணாம்புச் சுவருங்க சார். சுவரும் நம்மள மாதிரி வேர்க்கும். சிமெண்ட வச்சு அடச்சிட்டா வேர்வ எங்க போகும்?" என்றார். ஒப்பந்தக்காரர் அவரை வேறு பக்கம் அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னதில் அறிவியல் முழுவதும் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உறிஞ்சும், வெயில் அடித்தால் வெளியே விடும். அந்த ஈரத்தோடு உப்பும் கரைந்து வரும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் உப்பு அந்தப் பூச்சில் வந்து பூக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சை மாற்றினால் போதும், செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமெண்ட் இந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தேங்குகிறது, உப்பு செங்கல்லுக்குள் படிகமாகிப் பருக்கிறது, செங்கல்லின் முகமே உடைந்து கொட்டுகிறது. எங்கள் கல்லூரியில் அதுதான் நடந்தது. சில மழைக்காலங்களுக்குள் பூச்சு பலகை பலகையாக உப்பியது. தட்டிப் பார்த்தால் பின்னால் வெறும் செங்கல் மாவு. அடுத்து வந்த பொறியாளர் பார்த்துவிட்டுக் "கட்டடம் வலுவிழந்துவிட்டது" என்று எழுதினார். வலுவிழக்க வைத்தது எது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. கட்டடத்தை இடித்தார்கள். நூறாண்டு மழையில் நின்ற சுவர் அது. அழகுபடுத்தப் போய் அழித்தார்கள் என்பதை இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

கூரையின் கதையும் இதுவே. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் அந்தத் தளம் நம் ஊர்க் கைவேலையின் உச்சம். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். இவ்வளவு உழைப்பில் உருவான தளத்துக்குத் தேவை ஒன்றுதான்: தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரு குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஓட்டு இடுக்கில் இறங்கும். உத்தரத்தின் நுனி சுவருக்குள் புகுந்திருக்கும் இடத்தில் போய்த் தங்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே தேக்கு மக்கிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க நிபுணர் குழு வேண்டாம், சாக்குப் பையோடு மாடிக்கு ஏறும் அந்த ஆள் வேண்டும்.

அன்று இல்லாத பலவும் இன்று வந்திருக்கின்றன என்பதையும் மனமாரச் சொல்ல வேண்டும். 2003இல் ராணி மேரிக் கல்லூரி இருந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவு செய்தபோது, மாணவிகள் வளாகத்தை விட்டு நகரவில்லை. 1914இல் தொடங்கிய, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி அது. ஊரே அவர்கள் பின்னால் நின்றது, கல்லூரி தப்பித்தது. எங்கள் காலத்தில் இப்படியொரு எழுச்சியை நாங்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் அந்தக் கல்லூரி முதலில் குடியேறிய கேப்பர் இல்லம் இன்று இல்லை. பிற்பாடு அது இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் புதுக் கட்டடம் எழுந்தது. கல்லூரியைக் காக்க ஊர் திரண்டது. கல்லூரி பிறந்த வீடு சத்தமில்லாமல் போய்விட்டது. புல்டோசர் வந்தால் நாம் எதிர்த்து நிற்கிறோம். ஈரமும் கரையானும் வரும்போது யாருக்கும் தெரிவதில்லை.

சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. பல ஆண்டுகளாக அரசு அலுவலகங்கள் இயங்கிய கட்டடம். தீயை அணைக்கப் போன வீரர் ஒருவர் உயிரிழந்தார். கூரை விழுந்து சுவர்கள் மட்டும் நின்றதைப் பார்த்தபோது இனி இது எழாது என்றே பலரும் நினைத்தோம். எழுந்தது. பொதுப்பணித் துறை அதை மீண்டும் கட்டி எழுப்பியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கே நடக்கிறது. பக்கத்தில் உள்ள ஹுமாயூன் மகாலையும் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் கொண்டே சீரமைத்தார்கள். அன்று 'பழைய ஆள்' என்று ஓரங்கட்டப்பட்ட சுண்ணாம்புக் கொத்தனாரை இன்று ஊர் ஊராகத் தேடி அழைத்து வருகிறார்கள். இது பெரிய மாற்றம், பாராட்டியே ஆக வேண்டும். தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று என்பது வருத்தம்தான், ஆனாலும் வந்துவிட்டது.

செனட் ஹவுஸையும் பல்கலைக்கழகத்தின் 150ஆவது ஆண்டை ஒட்டிப் புதுப்பித்தார்கள். தூண்களின் வண்ணம் திரும்ப எழுந்து வந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். இத்தகைய பெரும் பணிகள் நடக்கட்டும். என் கவலை அவை முடிந்த மறுநாளைப் பற்றியது. ஒரு கட்டடத்துக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்கி, விழா எடுத்து, நாடா வெட்டிவிட்டு, பிறகு பூட்டி வைத்தால் அது மறுபடி சரியத் தொடங்கும். ஆள் புழங்காத அறையில் ஒழுகல் தெரியாது. மாணவர் உட்காரும் அறையில் கூரை கசிந்தால் அன்றைக்கே தெரியும், துறைத் தலைவர் மறுநாளே ஆள் அனுப்புவார். எங்கள் வகுப்பறைகளை அன்று காப்பாற்றியது யாருடைய மரபுணர்வும் கிடையாது. நாங்கள் தினமும் அங்கே உட்கார்ந்திருந்ததுதான் காப்பாற்றியது.

பழைய கட்டடத்தில் இன்றைய படிப்பு நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எல்லா ஆய்வகத்தையும் அங்கே வைக்க முடியாது, மின்கம்பிகளை முற்றாக மாற்றியாக வேண்டும், மாற்றுத் திறனாளிகள் ஏறச் சாய்வுதளமும் நல்ல கழிப்பறையும் கட்டாயம். ஆனால் உயர்ந்த கூரையும் இரண்டு பக்கமும் நீண்ட தாழ்வாரமும் உள்ள அறையில் சித்திரை மாத நண்பகலில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்களுக்கு, கண்ணாடிப் பெட்டி போன்ற புதுக் கட்டடங்கள் எதை இழந்தன என்பது தெரியும். மொழி, வரலாறு, கணிதம், நூலகம், கருத்தரங்கு இவற்றுக்கெல்லாம் பழைய மண்டபங்கள் தாராளமாகப் போதும். பணம் இல்லை என்பதும் முழு உண்மை ஆகாது. இருபது ஆண்டுகள் பார்க்காமல் விட்டுவிட்டு மொத்தமாகக் கோடிகளைக் கொட்டுவதைவிட, ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையும் நிரந்தரச் சம்பளத்தில் ஒரு கொத்தனாரும் மலிவு.

முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடுகின்றன. பழைய படங்களைப் பார்க்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், சாப்பிடுகிறோம். இந்த ஆண்டு கூடும்போது முதல்வரிடமோ பதிவாளரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐப்பசிக்கு முன் நம் பழைய கட்டடத்தின் மாடிக்கு யார் ஏறுகிறார்?" பதிலாக ஒருவர் பெயர் வந்தால் அவரை மேடைக்கு அழைத்து அந்தப் பொன்னாடையை அவருக்குப் போர்த்துங்கள். பெயர் வராவிட்டால், அப்படி ஒருவரை வைக்கச் சொல்லி, சங்கத்தின் பணத்திலிருந்து அவருக்கு முதல் ஆண்டுச் சம்பளத்தைக் கொடுங்கள்.